உளு, உழு, உலு

மரத்தில் தெரியும் ஓட்டை வண்டு உள்ளே நுழைந்த வழி என்று தமிழ்நாட்டில் படித்தவர் படிக்காதவர் எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். இந்த நம்பிக்கையை இனிமேலும் அனுமதிப்பதற்கில்லை. ஓட்டை, வண்டு வெளியே போன வழி. தாய் வண்டு பட்டை வெடிப்பில் முட்டையை ஒட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறது. முட்டையிலிருந்து வரும் புழு கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் வழியாக உள்ளே போய், ஒரு வருடமோ மூன்று வருடமோ, இருட்டில், முன்னால் இருப்பதைத் தின்று பின்னால் மாவாகத் தள்ளி, வேறு வேலை தெரியாததால் மேலும் தின்று, கடைசியில் கூடாகி, வண்டாகி, ஒரு நாள் சுவரைக் கடித்துக்கொண்டு வெளியே வருகிறது. அன்றைக்குத்தான் வீட்டுக்காரர் கட்டில் காலில் ஓட்டையைப் பார்த்து, ஐயோ வண்டு வந்துவிட்டது என்று மண்ணெண்ணெய் பாட்டிலைத் தேடுகிறார். வரவில்லை ஐயா, போய்விட்டது. தாயே துளைத்து உள்ளே போகும் ஜாதிகளும் உண்டு என்று சொல்லி என்னை மடக்கப் பார்ப்பவர்களுக்கு: அவை மரத்தைத் தின்பதில்லை, உள்ளே பூஞ்சை பயிரிட்டு அதைத் தின்கின்றன, அவை விவசாயிகள், அவர்கள் விவகாரம் தனி. ஆகவே ஓட்டையுள்ள மரத்தைப் பார்த்துப் பயப்படுவதில் அர்த்தமில்லை. பயப்பட வேண்டியது ஓட்டையும் இல்லாமல் சத்தமும் இல்லாமல் நல்ல பிள்ளையாக நிற்கும் மரத்துக்கு. இதை நான் பல கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன், கைதட்டலும் வாங்கியிருக்கிறேன். இப்போது ஏற்காட்டுக்கு மேற்கே ஒரு காப்பித் தோட்டத்தில், போன வருடக் காற்றில் சாய்ந்து கிடக்கும் வாகை மரத்தின்மேல் உட்கார்ந்து, ஸ்டெதாஸ்கோப்பின் வட்டத்தை அதன் பட்டையில் அழுத்திக்கொண்டு, கைதட்ட ஒருவரும் இல்லாத இந்த மே மாத மதியத்தில், அந்த வாக்கியம் எனக்கே திரும்பி வந்து பக்கத்தில் உட்காருகிறது. ஏனென்றால் சத்தம் இல்லை. மரத்தில் இல்லை என்பது இருக்கட்டும், மரத்தில் இல்லாமல் போகட்டும், ஒரு வாகை மரத்தில் புழு இல்லாவிட்டால் வாகைக்கு நல்லது. என் நெஞ்சில் இல்லை.

நிதானமாகப் பார்ப்போம். என் இதயத்தின் இடப்பக்கத்து வால்வு நான் பிறக்கும்போது கொண்டுவந்தது அல்ல. ஐந்து வருடத்துக்கு முன்னால் சேலத்தில் நெஞ்சைத் திறந்து, பழையதை வெட்டி எடுத்துவிட்டு, புதியதைத் தைத்துவைத்தார்கள். இரும்பு வால்வு என்று என் மனைவி மங்கையர்க்கரசி ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறாள். இரும்பு அல்ல அரசி, அது கரி, பெருஞ்சூட்டில் படியவைத்த கரி என்று நான் திருத்தினால், கரிக்கட்டைக்கா இவ்வளவு செலவு பண்ணினோம் என்கிறாள். எனக்கு அந்தக் கரியில் ஒரு ஆறுதல் இருந்தது. மரம் எரிந்து கரியானபின் அதைத் தின்ன உலகத்தில் ஒரு புழுவும் கிடையாது. என்னில் உளுக்காத ஒரே பாகம் அதுதான். அந்தக் கரித் தகடுகள் மூடும்போதெல்லாம் டிக் என்று ஒரு சத்தம் வரும், மலிவான கடிகாரத்தின் சத்தம். வீட்டுக்கு வந்த முதல் வாரம் எனக்குப் பைத்தியமே பிடித்துவிடும் போலிருந்தது. அரசி ஒரு நாள் அவள் அண்ணனிடம் சொன்னாள்: "மத்தவங்க பேசறப்ப எப்பவாவது பல்லி சொல்லும். இவரு நெஞ்சுக்குள்ளயே பல்லிய வெச்சிருக்காரு. இவரு என்ன சொன்னாலும் அதுவே உண்மை உண்மைன்னு சொல்லிக்குது, எதிர்த்துப் பேச முடியறதில்லை." பிறகு பழகிவிட்டது. பழகியதும் அது தேவையாகிவிட்டது. டாக்டரம்மா அப்போதே சொல்லியிருந்தார்: "அந்தச் சத்தத்தைத் தொந்தரவுன்னு நெனைக்காதீங்க. அது கேக்கற வரைக்கும் நீங்க நிம்மதியா இருக்கலாம். மங்கிப் போச்சுன்னா, இல்ல நின்னுபோச்சுன்னா, நாளைக்குப் பாத்துக்கலாம்னு இருக்காதீங்க, அன்னிக்கே கிளம்பி வந்துடுங்க. தகடு மேல ரத்தம் உறைஞ்சா முதல்ல மாறறது சத்தம்தான்." நான் கேட்டேன், தகடு முழுதாக நின்றுபோனால் எனக்குத் தெரியுமா என்று. அவர் பேனாவை மூடிக்கொண்டே, "தெரியறதுக்கு நேரம் இருக்காதுங்க" என்றார்.

மரத்தைக் கேட்பதற்கு நான் ஒரு முறை வைத்திருக்கிறேன். காதில் மாட்டியதும் முதலில் கேட்பது நான்தான், என் டிக். அதை ஓரமாக ஒதுக்கிவைக்க வேண்டும், அரிசியிலிருந்து கல்லை ஒதுக்குவதுபோல. ஒதுக்கிய பிறகு மிச்சம் இருப்பது மரம். புழு இருந்தால் நகத்தால் தீப்பெட்டியின் பக்கத்தைச் சுரண்டுவதுபோல ஒரு சத்தம், விட்டு விட்டு, நடுவில் யோசிப்பதுபோல நிறுத்தி. இருந்தால் தோட்டத்து வரைபடத்தில் அந்த மரத்துக்குக் கருப்பு வட்டம். இல்லையென்றால் வெற்று வட்டம். நானும் தில்ஷாத்தும் அதை வெற்று என்றே சொல்லிக்கொள்கிறோம். தில்ஷாத் வாணியம்பாடிக்காரி, என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள், என்னைவிட நல்ல கண்ணுள்ள வண்டு ஆராய்ச்சியாளர். மலைச்சரிவில் ஏறிப் பொறிகளைப் பார்ப்பது அவள் வேலை. பொறி என்றால் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கருப்புப் புனல்கள், நடுவே எரிசாராயம். சாகப்போகும் மரம் சாராய வாடை விடும் என்பதால் வண்டுகள் அதைத் தேடி வருகின்றன. நெஞ்சைத் திறந்து மூடியவன் என்பதால் எனக்குச் சமதரையும் காதும். இன்றைக்கு ஸ்டெதாஸ்கோப்பை மாட்டினேன். ஒதுக்கப் போனேன். ஒதுக்குவதற்கு ஒன்றும் இல்லை. அரிசியில் கல் இல்லை. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்போல அது எனக்குள் கிடந்தது, ஒரே ஒரு நொடி.

நேற்று ஒதுக்கினேனா. நேற்றுப் பன்னிரண்டாம் பிளாக், பலா, இரண்டு சில்வர் ஓக், ஒரு நார்த்தை. நான்கும் வெற்று. வெற்று என்று எழுதியது நினைவிருக்கிறது, ஒதுக்கியது நினைவில்லை. பழகிய காரியம் நினைவில் நிற்காது, காலையில் பல் தேய்த்தது யாருக்காவது நினைவிருக்கிறதா. முந்தாநாளும் வெற்று. போன வாரம் முழுக்கவே வெற்றுதான், மேற்கே போகப்போக ஒரு கருப்பு வட்டம்கூட இல்லை. அதைப் பற்றி இரண்டு நாளாக ஒரு வாக்கியம் தயார் செய்துகொண்டிருக்கிறேன், 'மேற்குச் சரிவில் மரந்துளைக்கும் வண்டினங்கள் கவலைக்குரிய அளவில் அருகிவருகின்றன' என்று. அருகி என்பதற்குக் குறைந்து என்ற பொருள் இன்று பாதிப்பேருக்குத் தெரியாது, அருகில் வருகின்றன என்று படித்துத் தொலைப்பார்கள் என்று தில்ஷாத்திடம் சொன்னேன். அவள், "குறைஞ்சுன்னே போடுங்களேன் சார், வண்டு கோவிச்சுக்குமா" என்றாள். எதற்கு இதை நினைக்கிறேன். நான் நினைக்க வேண்டியது கடைசியாக எப்போது கேட்டேன் என்பதை. பொங்கல் சமயத்தில் கேட்டேன். நிச்சயமாகக் கேட்டேன், குளியலறையில், சுவரில் முட்டித் திரும்பி வந்தது. அதன்பிறகு? மாசி, பங்குனி, சித்திரை. கேட்டிருப்பேன். கேட்காமல் இருந்தால் கேட்கவில்லையே என்று தோன்றியிருக்கும். தோன்றியிருக்குமா? இல்லாத ஒன்று இல்லை என்று எப்போது தெரிகிறது, தேடும்போதுதானே.

மாத்திரை. ரத்தத்தை இளக்கும் மாத்திரை, சாயங்காலம் ஒன்று, தவறியதில்லை. தவறியதில்லை என்று சொல்ல முடியுமா, அதுவும் பல் தேய்த்த கதைதான். ஆனால் கீரை. கீரை! அந்த மாத்திரைக்கும் கீரைக்கும் ஆகாது. கீரை ரத்தத்தைக் கெட்டியாக்கும், எப்போதும் சாப்பிடும் அளவு எதுவோ அதையே சாப்பிடுங்கள், கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம் என்று டாக்டரம்மா ஒரு தாளில் எழுதியே கொடுத்திருக்கிறார். இந்தத் தோட்டத்து பங்களாவில் சமையல்காரர் நான் பெரிய மனிதன் என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஒரு வாரமாக எனக்குப் பொன்னாங்கண்ணியும் முருங்கையும் மணத்தக்காளியுமாகச் செய்து போடுகிறார். நானும் மணத்தக்காளிக்கு இன்னொரு பெயர் மிளகுதக்காளி என்று அவருக்கு வகுப்பெடுத்துக்கொண்டே இரண்டாம் முறை வாங்கித் தின்றிருக்கிறேன். மிளகுதக்காளி! இப்போது அது தகட்டின்மேல் ஒரு மெல்லிய ஆடையாகப் படிந்துகொண்டிருக்கிறது, பால் மேல் படிவதுபோல, டிக் என்று அடிக்க வேண்டிய கரி ஆடையில் பட்டு மெத்தென்று மூடுகிறது, இன்னும் கொஞ்சம் படிந்தால் பாதி மூடும், இன்னும் கொஞ்சம் படிந்தால், தெரியறதுக்கு நேரம் இருக்காதுங்க. அல்லது ஆடையில் ஒரு துணுக்குப் பிய்ந்து மேலே போகும். கழுத்து வழியாகத் தலைக்கு. தலைக்குப் போனால் பேச்சு குழறும், முகம் ஒரு பக்கமாகத் தொங்கும், இடது கை மரத்துப்போகும். மரத்துப்போகும். இந்த மொழியை யார் செய்தார்கள், கை உணர்விழந்தால் அது மரமாகிவிட்டது என்று. என் இடது கை மரத்துத்தான் இருக்கிறது. வட்டத்தைப் பட்டையில் அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறேனே, அதனால் இருக்கலாம். அதனால் இல்லாமலும் இருக்கலாம். கையை எடுத்து உதறுகிறேன். எறும்பு ஊர்வதுபோல இருக்கிறது. பார்க்கிறேன், எறும்புதான் ஊர்கிறது. ஒரு எறும்புக்கு இந்த அளவு நன்றியோடு நான் இருந்ததில்லை.

பேச்சு குழறுகிறதா என்று பேசிப் பார்த்தால்தான் தெரியும். காப்பிச் செடித் தண்டைத் துளைக்கும் வண்டின் பெயரைச் சொல்லிப் பார்க்கிறேன், சைலோட்ரெக்கஸ் குவாட்ரிபெஸ். நாக்கு இடறுகிறது. ஆனால் அந்தப் பெயரில் என் நாக்கு கல்லூரியிலேயே இடறியது, அது சாட்சியாகாது. தமிழில் பார்க்க வேண்டும், தமிழில் நான் இடறியதே இல்லை, அப்பா தமிழாசிரியர், அறவாழி என்று பெயர் வைத்துவிட்டு அதில் வருகிற ழகரத்தை ஒழுங்காகச் சொல்லாத நாளெல்லாம் எனக்குச் சாப்பாடு போடாதவர். உளு, உழு, உலு. உளு என்றால் மரத்தை அரிக்கும் புழு, உழு என்றால் நிலத்தைக் கீறு, உலு என்றால் ஒன்றுமில்லை, சோதனைக்கு மட்டும். புழு மரத்தை உழுகிறது, மரம் உளுத்துப் போகிறது, காற்று உலுக்குகிறது, விழுகிறது. உளு, உழு, உலு. சரியாகத்தான் வருகிறது. சரியாக வருகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. குழறுகிறவனுக்குத் தான் குழறுவது தெரியுமா? மேலே சரிவிலிருந்து, காப்பிச் செடிகளுக்குப் பின்னாலிருந்து, தில்ஷாத்தின் குரல் வருகிறது. "சார்! யாரக் கூப்பிடறீங்க?" "யாரையுமில்லை" என்று கத்துகிறேன். "உளு!" அது ஏன் வாயில் வந்தது என்று தெரியவில்லை. அவள் ஏதோ சொல்கிறாள், சிரிப்பது மட்டும் வருகிறது, சொல் வரவில்லை. சொல்லியிருக்க வேண்டும். தில்ஷாத், என் நெஞ்சில் சத்தம் நின்றுவிட்டது, இறங்கி வா என்று இப்போது சொல்லலாம். சொன்னால் ஓடி வருவாள், கால் வழுக்கும் சரிவு. சொன்னால் அது உண்மையாகிவிடும். உண்மை என்று சொல்ல பல்லியும் இல்லை.

கீழே கேட்டருகே ஜீப் நிற்கிறது. டிரைவர் ஆரோக்கியம் கதவுக்கு வெளியே காலை நீட்டித் தூங்கிக்கொண்டிருப்பார். போனில் சிக்னல் இல்லை. கோடை விழாக் கூட்டம், மலைப்பாதை முழுக்கக் கார்கள், ஒரு வளைவில் ஒரு பஸ் திரும்ப மற்றதெல்லாம் நின்று வேடிக்கை பார்க்கும். போன ஞாயிறு கீழிருந்து மேலே வர அரை நாள் ஆனது. அரை நாள் இருக்கிறதா என்னிடம். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஒரு குடும்பம் குரங்குக்கு முறுக்குப் போட்டுக்கொண்டிருக்கும், நான் பின்னிருக்கையில் மெத்தென்று அடித்துக்கொண்டிருப்பேன். அரசிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் போகும். அவள் எடுக்கமாட்டாள், தெரியாத நம்பரை எடுக்காதே என்று நானே சொல்லிவைத்திருக்கிறேன். போன மாதம் அவள் என்னிடம் என்னவோ சொன்னாள், ஹாலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டு. இந்த வீட்டை வித்துட்டு உங்க தங்கச்சி வீட்டுப் பக்கம் போயிரலாமா என்று. சொல்லிவிட்டு விரலால் தரையைத் தட்டினாள், உடனே, "பாருங்க, பல்லியே சொல்லுது" என்றாள். நான், பல்லி எங்கே சொன்னது, இந்த வீட்டில் பல்லிகளே அருகிவிட்டன, மூன்று மாதமாக ஒன்றின் சத்தமும் இல்லை, நீ போடும் கொசுவர்த்திதான் காரணம் என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பொய் சொல்லி மாட்டிக்கொண்ட பார்வை என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். கொசுவும் குறைந்துவிட்டது. இந்த மலையில்கூட இல்லை, காதருகே வந்து பாடும் கொசு ஒன்றையும் நான் இந்த ஒரு வாரத்தில் சந்திக்கவில்லை. காலையில் கையில் தடிப்புகள் இருக்கின்றன, அவை மூட்டைப்பூச்சி என்று முடிவு செய்து பங்களா மெத்தையை வெயிலில் போடச் சொல்லியிருக்கிறேன். சில்வண்டும் இந்த வருடம் கிடையாது. அது வண்டே அல்ல என்பதை இங்கே ஒருமுறை சொல்லிவிட வேண்டும். அது உறிஞ்சும் வாயுள்ள வேறு குலம், தமிழன் பறக்கிறதையெல்லாம் வண்டு என்பான், தேனீயை வண்டு என்று இரண்டாயிரம் வருடம் பாட்டெழுதினான், நிஜமான வண்டைப் பற்றி ஒரு வரி கிடையாது. வழக்கமாக இந்த மாதத்தில் மலை முழுக்க அது காதைக் கிழிக்கும். இப்போது இல்லை. கோடைமழை பொய்த்ததால் இருக்கும். அதையும் வரைபடத்தின் கீழே ஒரு குறிப்பாகச் சேர்க்க வேண்டும். எல்லாம் குறைந்துகொண்டே வருகிறது. பல்லி, கொசு, சில்வண்டு, புழு, கடைசியாக நான்.

ஸ்டெதாஸ்கோப் இருக்கிறது. இதை நான் இவ்வளவு நேரம் நினைக்காமல் இருப்பதற்காக எவ்வளவு தூரம் சுற்றிவந்திருக்கிறேன். சேலம், அரசி, குரங்கு, முறுக்கு. ஸ்டெதாஸ்கோப் என் காதில்தான் மாட்டியிருக்கிறது. வட்டத்தை வாகையிலிருந்து எடுத்துச் சட்டைப் பொத்தானைக் கழற்றி இடது மார்பில் வைத்தால் முடிந்தது. மரத்துக்கும் எனக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. கை போகவில்லை. எத்தனை வீடுகளில் உத்தரத்தில் இதை வைத்துக் கேட்டிருக்கிறேன், கீழே வீட்டுக்காரர்கள் அண்ணாந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள், நான் வேண்டுமென்றே முகத்தை ஒன்றும் காட்டாமல் வைத்திருப்பேன், அவர்கள் எச்சில் விழுங்குவதைப் பார்ப்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம் இருந்தது. கேட்காத வரைக்கும் வீடு நின்றுகொண்டிருக்கும். கேட்ட பிறகும் நின்றுகொண்டுதான் இருக்கும், ஆனால் அதன் கீழே தூங்க முடியாது. பொத்தானைக் கழற்றுகிறேன். மார்பின் நடுவே தையல் தழும்பு, பட்டைக்கு அடியில் புழு போன தடம்போல மேடு தட்டி. வட்டம் குளிர்ந்திருக்கிறது, அல்லது நான் சூடாக இருக்கிறேன். கண்ணை மூடிக்கொள்கிறேன்.

துப். துப். துப். மெத்தையை வெயிலில் போட்டுக் கம்பால் அடிப்பதுபோல. டிக் இல்லை. துப். உலோகம் இல்லை, கரி இல்லை, விளிம்பு இல்லை, ஈரத்துணி ஈரத்துணியில் படுகிற சத்தம். மங்கிப் போச்சுன்னா. அதைத்தான் சொன்னார், இதே சத்தத்தைத்தான் சொன்னார், இதற்குமேல் மங்குவதற்கு ஒன்றுமில்லை. நான் மூச்சை நிறுத்திக் கேட்கிறேன், அது வேகமாகிறது, துப் துப் துப், பயந்தால் வேகமாகும், வேகமானால் பயம், இதில் எது முதலில் என்று ஒரு காலத்தில் ஒரு அறிஞர் கூட்டம் சண்டை போட்டது, அவர்களில் யாரும் வாகை மரத்தின்மேல் உட்கார்ந்திருக்கவில்லை. வாயைத் திறந்தால் டிக் நன்றாகக் கேட்கும், அது எனக்குத் தெரியும், வாய் ஒரு குடம்போல அதைப் பெரிதாக்கும், அறுவைசிகிச்சை முடிந்து வந்த முதல் வாரத்தில் அரசி "வாய மூடிட்டுத் தூங்குங்க, தூக்கமே வரல" என்று என்னைத் தட்டி எழுப்புவாள். வாயைத் திறக்கிறேன். இன்னும் திறக்கிறேன். தாடை வலிக்கிறது. காப்பிச் செடிகளும் சில்வர் ஓக் மரங்களும் மேலே வெயிலும் ஒன்றுமே சொல்லாமல் நிற்கின்றன. இப்படி ஒரு அமைதி ஒரு மலைக்கு ஆகாது. ஒரு இலைகூடச் சத்தமில்லாமல் விழுகிறது. சாவு இப்படித்தான் வரும் என்றால், வெளியிலிருந்து ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு, கடைசி விளக்கை அணைக்க உள்ளே வரும் என்றால், அது பொங்கலிலிருந்தே வந்துகொண்டிருக்கிறது, பல்லியை அணைத்தது, கொசுவை அணைத்தது, நான் அதன் பின்னாலேயே போய் ஒவ்வொன்றுக்கும் வெற்று வட்டம் போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன்.

"என்ன சார், ஈ புகுந்துரும்." தில்ஷாத் பக்கத்திலேயே நிற்கிறாள், எப்போது வந்தாள், சருகு மிதிபட்ட சத்தமே இல்லை. சாராயக் கேனைக் கீழே வைத்துவிட்டு மரத்தின் மறுகோடியில் உட்காருகிறாள், முகமெல்லாம் வியர்வை, தண்ணீர் பாட்டிலைத் திறக்கிறாள். நான் ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்துக்கு இறக்கிவிட்டுச் சட்டையை இழுத்து மூடிக்கொள்கிறேன். "கேட்டுச்சா?" என்று வாகையைக் காட்டிக் கேட்கிறாள்.

"வெற்று" என்கிறேன். 

"வாட்சைக் கழட்டிவெச்சுட்டுக் கேளுங்க சார். இந்த டிக் டிக்ல என்னத்தக் கேக்கறது."

"எந்த வாட்ச்?"

"அதான், உங்க வாட்ச்." நான் இரண்டு கைகளையும் அவள் முன்னால் நீட்டுகிறேன். ஒன்றில் காலையில் பார்த்த தடிப்புகள், மற்றதில் ஒன்றுமில்லை. அவள் பார்க்கிறாள். பாட்டிலை மூடுகிறாள். "அப்ப பாக்கெட்ல இருக்கா? பழைய காலத்துப் பாக்கெட் வாட்ச் ஒண்ணு வெச்சிருக்கீங்கன்னுதான் நான் மூணு வருஷமா நெனச்சிட்டிருக்கேன். உங்களுக்குப் பொருத்தமாவும் இருந்துச்சா, கேக்கல. ஆரோக்கியம் அண்ணன் மொத நாளு ஜீப்ல இண்டிகேட்டர் போட்டது போட்டபடி இருக்குன்னு நெனச்சு இறங்கிப்போய் ரெண்டு பக்கமும் பாத்துட்டு வந்தாரு."

"இப்போது கேட்கிறதா உனக்கு? இந்த நிமிடம்?"

"கேக்குதே."

"மங்கலாகவா?"

"மங்கலா? வாயத் தொறந்துட்டு உக்காந்திருந்தீங்களே, அந்தச் செடிகிட்ட வர்றப்பவே கேட்டுச்சு. கணீர்னு." அவள் நாக்கை மேலண்ணத்தில் சொடுக்கிக் காட்டுகிறாள், டிக், டிக், டிக். நாக்கு போவதும் வருவதும் எனக்குத் தெரிகிறது. நாக்கைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். "என்ன சார் அது?" நான் சொல்கிறேன், வால்வு, கரி, டாக்டரம்மா, கீரை, எல்லாவற்றையும், முன்னும் பின்னுமாக, ழகரம் ளகரம் பார்க்காமல். சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் கண்ணில் தண்ணீர் வருகிறது, அவள் அதைப் பார்க்காததுபோல வாகையின் பட்டையைப் பார்க்கிறாள். சாகவில்லை. இன்றைக்கு இல்லை. தகடு அடித்துக்கொண்டுதான் இருக்கிறது, மூன்று வருடமாக ஒரு ஜீப்பே கேட்கும்படி. அவள் என் கழுத்திலிருந்து ஸ்டெதாஸ்கோப்பை எடுத்துக்கொள்கிறாள், கேட்டுவிட்டு எடுக்கவில்லை. தலைத்துணியை ஒதுக்கிக் காதில் மாட்டிக்கொண்டு, நான் வைத்த அதே இடத்தில் வட்டத்தை வைக்கிறாள். முகத்தை ஒன்றும் காட்டாமல் வைத்துக்கொள்ள அவளுக்குத் தெரியாது. புருவம் ஏறுகிறது.

"சார். இதுக்கா வெற்றுன்னீங்க?"

"ஏன்?"

"கல்யாணப் பந்தி சார். உள்ள இலை போட்டு உக்காந்திருக்காங்க." நகத்தால் தண்ணீர் பாட்டிலின் மூடியைச் சுரண்டிக் காட்டுகிறாள், விட்டு விட்டு, நடுவில் யோசிப்பதுபோல நிறுத்தி. அவள் விரல் அசைகிறது. மூடியிலிருந்து எதுவும் என்னிடம் வந்து சேரவில்லை. அவள் குரல் வருகிறது, கீழே எங்கோ லாரி உறுமுவது வருகிறது, கனமானதெல்லாம் வருகிறது. மெல்லியதும் கூர்மையானதும் பாதிவழியில் நின்றுவிடுகின்றன. பல்லி சொல்லியிருக்கிறது. அரசி பொய் சொல்லவில்லை. மெத்தையில் மூட்டைப்பூச்சி இல்லை. பன்னிரண்டாம் பிளாக் பலா, நார்த்தை, இரண்டு சில்வர் ஓக், அதற்கு முந்தினவை, மேற்கே போகப்போக வெளுத்துக்கொண்டே வந்த அந்த வட்டங்கள் எல்லாம், கவலைக்குரிய அளவில் அருகிவந்தது வண்டினம் அல்ல. என் காதுக்குள்ளே ஏதோ தின்றுகொண்டிருந்திருக்கிறது, பொங்கலிலிருந்தோ அதற்கு முன்பிருந்தோ, எந்த ஓட்டையும் காட்டாமல். நான் ஒன்று கேட்க வேண்டும். கேட்கப் பயமாக இருக்கிறது, சற்று முன் இருந்த பயம் அல்ல, அது ஓடிப்போய்விட்டது, இது நிதானமாக வந்து உட்கார்ந்துகொள்ளும் பயம்.

"தில்ஷாத், சில்வண்டு கத்துகிறதா இப்போது?"

அவள் ஸ்டெதாஸ்கோப்பைக் காதிலிருந்து கழற்றி என்னைப் பார்க்கிறாள், அன்றைக்கு ஹாலில் அரசி பார்த்த அதே மாதிரி. "என்ன சார் கேக்கறீங்க? காலையிலருந்து காது வலிக்குது எனக்கு. நீங்க பேசறதே அதுக்கு நடுவுலதான் கேக்குது." நான் மரங்களை அண்ணாந்து பார்க்கிறேன். ஒவ்வொரு மரத்திலும் அவை இருக்கின்றன, அடிவயிறு துடிக்க, தொண்டை கிழிய, ஆயிரக்கணக்கில். ஒன்றும் இல்லை. இலை, வெயில்.

மறுநாள் முதல் பிளாக்கிலிருந்து மறுபடி ஆரம்பித்தோம். ஸ்டெதாஸ்கோப் தில்ஷாத்தின் கழுத்தில் இருந்தது. சாராயக் கேனை நான் தூக்கிக்கொண்டேன்.